214 வழுக்களில் ஒன்று மட்டுமே உங்களுடையது

வாசகர் கேள்வி:

ஐயா, ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். கொழும்பிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்திற்காக வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். சிறு தேயிலைத் தோட்ட உரிமையாளர்களிடம் கொழுந்து வாங்கும் நிலையங்களுக்கான எடைப் பதிவு மென்பொருள்தான் எங்கள் வேலை. ஜாவா 17இல் எழுதப்பட்டது. பற்றுச்சீட்டு தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகும். சென்ற வாரம் புதிய விண்டோஸ் மடிக்கணினியில் திட்டத்தை இறக்கி நிரலைக் கட்டமைக்கும் கருவியான மேவனின் கட்டளையை ஓட்டியபோது, நிரலின் எழுத்து நடையைச் சோதிக்கும் செக்ஸ்டைல் 214 வழுக்களைக் காட்டி நின்றுவிட்டது. அவற்றுள் 171, கோப்பின் வரிமுடிவு தவறு என்கின்றன; திட்டத்திலுள்ள ஜாவாக் கோப்புகளும் 171தான். 43, வரி 100 எழுத்துகளைத் தாண்டிவிட்டது என்கின்றன. நான் எண்ணிப் பார்த்த ஒரு வரியில் 83 எழுத்துகள்தான் இருக்கின்றன, ஆனால் கருவி 153 என்கிறது. நிறுவனத்தின் லினக்ஸ் சேவையகத்தில் இதே நிரல் வழுவின்றி ஓடுகிறது. நான் புதிதாக எழுதிய ஒரு வரிக்கு மேலும் கீழும் சோதனையை நிறுத்தவும் தொடரவும் சொல்லும் 'செக்ஸ்டைல்:ஆஃப்', 'செக்ஸ்டைல்:ஆன்' என்ற குறிப்புகளை இட்டும் பயனில்லை. குழுத் தலைவர், சோதனையைத் தவிர்த்துவிட்டு வேலையைப் பாருங்கள் என்கிறார். பிழை என் நிரலிலா? அவர் சொல்வதுபோல் தவிர்த்துவிடலாமா? மழை நாட்களில் இணைய இணைப்பு அறுந்தால் விதிக் கோப்பையே படிக்க முடியவில்லை என்ற வேறொரு வழுவும் வருகிறது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம். கருவி காட்டிய செய்திகளை வகைவாரியாக எண்ணி, முழு வெளியீட்டையும் இணைத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. "செக்ஸ்டைல் வேலை செய்யவில்லை" என்ற மூன்று சொற்களோடு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத முடிவதில்லை. உங்கள் கடிதத்தில் விடை ஏறக்குறைய முழுவதுமாகவே இருக்கிறது.

செக்ஸ்டைல் சொல்லும் எதையும் திருத்தத் தொடங்குவதற்கு முன், வெளியீட்டில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, எத்தனை வழுக்கள், எந்தப் பதிப்பு, எந்த விதிக் கோப்பு என்று ஒரே மூச்சில் சொல்லும் வரி. உங்கள் வெளியீட்டில் அது 214 வழுக்கள், செக்ஸ்டைல் 9.3, உங்கள் நிறுவனத்தின் சொந்த விதிக் கோப்பு என்று சொல்கிறது. அந்த இடத்தில் 'சன் செக்ஸ்' என்று வந்திருந்தால் கதையே வேறு. விதிக் கோப்பு எதுவென்று, மேவனுக்கான திட்ட அமைப்புகள் இருக்கும் பாம் கோப்பில் சொல்லாவிட்டால், செக்ஸ்டைலை மேவனோடு இணைக்கும் துணை நிரலான பிளகின் சன் நிறுவனத்தின் பழைய விதிகளைத் தானாக எடுத்துக்கொள்ளும். அவை வரிக்கு 80 எழுத்துகள் மட்டுமே அனுமதிப்பவை, ஒவ்வொரு அளவுருவும் 'ஃபைனல்' ஆக இருக்க வேண்டும் என்பவை, எண்களை நேராக எழுதினால் கண்டிப்பவை. ஒழுங்காக எழுதப்பட்ட திட்டமும் அவற்றின் முன் ஆயிரக்கணக்கான வழுக்களோடு நிற்கும். கூகுள் விதிகளைச் சுட்டினால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: அந்தக் கோப்பில் எல்லாமே எச்சரிக்கை என்ற தரத்தில்தான் குறிக்கப்பட்டிருக்கின்றன, பிளகினோ இயல்பில் வழு என்ற தரத்தில் வருவதற்கு மட்டுமே கட்டமைப்பை நிறுத்துகிறது. அதனால் திரை நிறைய மஞ்சள் வரிகள் ஓடினாலும் கட்டமைப்பு வெற்றி என்றே முடியும். உங்களுக்கு இரண்டும் இல்லை. விதிக் கோப்பு சரியானதுதான்.

இரண்டாவது இடம், பெரும்பாலோர் படிக்காமல் கடந்துபோகும் எச்சரிக்கை. உங்கள் வெளியீட்டின் மேற்பகுதியில் அது இருக்கிறது: கோப்பின் குறியாக்கம் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) குறிப்பிடப்படவில்லை, ஆகவே கணினியின் இயல்புக் குறியாக்கமான சிபி1252 பயன்படுத்தப்படுகிறது, இதனால் கட்டமைப்பு இயங்குதளத்திற்கு இயங்குதளம் மாறும் என்று கருவி சொல்லியிருக்கிறது. 43 நீள வழுக்களில் 42 இந்த ஒரு வரியில் அடங்கும்.

நீங்கள் அனுப்பிய வரியையே எடுத்துக்கொள்வோம். அதில் "கொழுந்து எடை பதிவு செய்யப்பட்டது" என்ற செய்தி இருக்கிறது. இடைவெளிகளை நீக்கி எண்ணினால் நம் கண்ணுக்கு அதில் 17 எழுத்துகள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யுனிகோடின் கணக்கு அப்படியன்று. 'கொ' என்பது நமக்கு ஓரெழுத்து, அங்கே ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். 'ந்' என்பதில் நகரம் ஒன்று, புள்ளி ஒன்று. கொழுந்து என்ற நான்கெழுத்துச் சொல் எட்டுக் குறியீடுகளாகிறது; முழுச் செய்தியும் 29 ஆகிறது. செக்ஸ்டைல் எண்ணுவது இந்தக் குறியீடுகளை. எனவே, வரியில் மீதமுள்ள இடைவெளி, அடைப்புக்குறி, ஜாவாச் சொற்கள் ஆகிய 66ஐயும் சேர்த்து, உங்களுக்கு 83 எழுத்துகளாகத் தெரிவது கருவிக்கு 95. அதுவும் 100க்குள்தான், சேவையகத்தில் வழு வராததன் காரணம் இதுவே.

யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. சிங்களமும் அப்படியே. சிபி1252 என்பது ஒரு பைட்டுக்கு ஒரு எழுத்து என்று படிக்கும் முறை. கோப்பை அந்த முறையில் திறந்தால் 29 குறியீடுகள் 87 எழுத்துகளாகப் பெருகிவிடும்; 66உம் 87உம் சேர்ந்து 153. உங்கள் கருவி சொன்ன எண் அதுதான். மழையில் நனைந்த கொழுந்தை அப்படியே தராசில் ஏற்றினால் தண்ணீரும் எடையில் சேரும். இங்கு ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் சரியாக இரண்டு எழுத்து 'தண்ணீர்' சேர்ந்திருக்கிறது. 153இலிருந்து 95ஐக் கழித்தால் 58. அது 29இன் இரு மடங்கு. மற்ற வரிகளில் இரண்டு மூன்றை எடுத்து இதேபோல் கழித்துப் பாருங்கள். வித்தியாசம் தமிழ், சிங்களக் குறியீடுகளின் எண்ணிக்கைக்கு மிகச்சரியாக இரு மடங்காக வந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பற்றுச்சீட்டில் தமிழ் ஒழுங்காகத்தானே அச்சாகிறது, அப்படியானால் குறியாக்கம் எப்படித் தவறாகும் என்று நீங்கள் கேட்கக்கூடும். உங்கள் பாம் கோப்பைப் பார்த்தேன். யாரோ ஒருவர், நிரலை இயக்கத்தக்க வடிவுக்கு மாற்றும் கம்பைலர் பிளகினின் அமைப்புக்குள் மட்டும் யுடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறார். ஆகவே கம்பைலர் சரியாகப் படிக்கிறது. செக்ஸ்டைல் பிளகின் அந்த அமைப்பைப் பார்ப்பதில்லை. அது திட்டம் முழுவதற்கும் பொதுவான 'புராஜெக்ட்.பில்ட்.சோர்ஸ்என்கோடிங்' என்ற பண்பைத் தேடுகிறது, அது இல்லாவிட்டால் கணினியின் இயல்பைக் கேட்கிறது. லினக்ஸ் சேவையகத்தின் இயல்பு யுடிஎஃப்-8 என்பதால் அங்கே குறை வெளித்தெரியாமல் இருந்துவிட்டது. ஜாவா 18 முதல், அதாவது 2022 முதல், எல்லா இயங்குதளங்களிலும் ஜாவாவின் இயல்பே யுடிஎஃப்-8 ஆகிவிட்டது. உங்கள் குழுவில் ஜாவா 21 வைத்திருப்பவருக்கு விண்டோஸிலும் இந்த வழு வராது. "எனக்கு வரவில்லையே" என்று அவர் சொன்னால் அதுவும் உண்மையாகவே இருக்கும்.

திருத்தம் ஒரே வரி. பாம் கோப்பின் பண்புகள் பகுதியில் மேற்சொன்ன பண்புக்கு யுடிஎஃப்-8 என்ற மதிப்பைக் கொடுங்கள். கம்பைலர் பிளகினுக்குள் இருக்கும் தனி வரியை நீக்கிவிடுங்கள், ஏனெனில் அதுவும் இதே பண்பைத்தான் இயல்பாகப் பின்பற்றும். பல தொகுதிகள் உள்ள திட்டமாதலால் தாய்ப் பாம் கோப்பில் எழுதினால் போதும்.

இதை நடைச் சோதனையின் தொல்லை என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். அதே எச்சரிக்கை உங்கள் வெளியீட்டில் இரண்டாம் முறையும் வந்திருக்கிறது, வளக் கோப்புகளைப் பிரதியெடுக்கும் பிளகினிடமிருந்து. அந்தப் பிளகினில், கோப்பிலுள்ள இடக்குறிகளுக்கு மதிப்பு நிரப்பும் 'ஃபில்டரிங்' இயக்கப்பட்டிருந்தால், அது செய்திக் கோப்புகளைச் சிபி1252ஆகப் படித்து, சிபி1252ஆகவே திரும்ப எழுதும். பெரும்பாலான எழுத்துகள் அந்தப் பயணத்தில் தப்பிவிடும். ஆனால் அந்தக் குறியாக்கத்தில் ஐந்து பைட் மதிப்புகளுக்கு எழுத்தே கிடையாது. தமிழில் புள்ளியும், 'கு', 'து' போன்றவற்றில் வரும் உகரக் குறியும், ஏ, ஐ என்ற உயிரெழுத்துகளும் அந்த மதிப்புகளில்தான் முடிகின்றன. விளைவு, பக்கத்தில் பாதித் தமிழ் ஒழுங்காகவும், மெய்யெழுத்துகளும் உகரங்களும் மட்டும் கேள்விக்குறிகளோடு சிதைந்தும் நிற்கும். எழுத்துருவில்தான் கோளாறு என்று நினைத்து நான் ஒருமுறை இரண்டு நாட்களை இதில் இழந்திருக்கிறேன். உங்கள் திட்டத்தில் ஃபில்டரிங் இப்போது அணைந்திருக்கிறது, அதனால்தான் தப்பித்தீர்கள். நாளை ஒருவர் பதிப்பு எண்ணைச் செய்திக் கோப்பில் காட்டுவதற்காக அதை இயக்கினால், விண்டோஸில் கட்டமைத்த பற்றுச்சீட்டு சிதைந்து வரும். குழுத் தலைவரிடம் இதைச் சொல்லுங்கள். சோதனையைத் தவிர்த்திருந்தால் அன்றுவரை இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அடுத்து அந்த 171. உங்கள் திட்டத்தில் ஜாவாக் கோப்புகள் 171 என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்புக்கு ஒன்று என்று சரியாகப் பொருந்தும் எண்ணிக்கை வந்தால், நிரல் எழுதியவரை விட்டுவிட்டுக் கோப்பு வந்து சேர்ந்த வழியைப் பார்க்க வேண்டும். உங்கள் விதிக் கோப்பில் 'நியூலைன் அட் எண்ட் ஆஃப் ஃபைல்' என்ற விதிக்கு வரிமுடிவு 'எல்எஃப்' (லினக்ஸ் முறை) என்று கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. விண்டோஸில், நிரலின் பதிப்புகளைக் களஞ்சியத்தில் காக்கும் கிட் மென்பொருளை நிறுவும்போது 'ஆட்டோ சிஆர்எல்எஃப்' என்ற அமைப்பை அப்படியே ஏற்றிருப்பீர்கள். அது கோப்புகளை இறக்கும்போது ஒவ்வொரு வரிமுடிவையும் விண்டோஸ் முறைக்கு மாற்றிவிடுகிறது, திரும்பப் பதியும்போது பழையபடி ஆக்கிவிடுகிறது. களஞ்சியத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும், உங்கள் வட்டில் மட்டும் மாறியிருக்கும்.

இதற்கு உங்கள் கணினியின் கிட் அமைப்பை மாற்றுவது வழிதான். நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் அடுத்து விண்டோஸில் வேலைக்குச் சேர்பவருக்கும் இதே வாரம் காத்திருக்கும். களஞ்சியத்தின் வேரில் 'கிட்ஆட்ரிபியூட்ஸ்' கோப்பை வைத்து, ஜாவாக் கோப்புகள் எல்லாம் உரை, அவற்றின் வரிமுடிவு எல்எஃப் என்று ஒரு வரி எழுதுங்கள். மேவனோடு வரும் 'சிஎம்டி' முடிவுள்ள ஆணைக் கோப்புக்கு மட்டும் விண்டோஸ் முறையான சிஆர்எல்எஃப் என்று இன்னொரு வரி. அது விண்டோஸுக்கே உரியது. பின்பு கிட் ஆட் கட்டளையை 'ரீநார்மலைஸ்' விருப்பத்தோடு ஒருமுறை ஓட்டிப் பதிவு செய்யுங்கள், கிட் 2.16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். இது களஞ்சியத்தைத்தான் சீராக்கும், வட்டிலுள்ள கோப்புகள் அப்படியே இருக்கும். ஆகவே செய்த வேலை எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டு, வட்டிலுள்ள ஜாவாக் கோப்புகளை அழித்து, கிட் செக்அவுட் மூலம் மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க் களஞ்சியத்திலிருந்தே வருவதால் இதற்கு இணைய இணைப்புத் தேவையில்லை. இணைப்பு மெலிந்த உங்கள் பகுதியில் முழுத் திட்டத்தையும் மறுபடி இறக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மீதி ஒன்று. மாத இறுதிக் கொழுந்துத் தொகையைக் கூட்டுவதற்கு நீங்கள் எழுதிய எஸ்க்யூஎல் (தரவுத்தள வினவல்) வரி. அதில் தமிழே இல்லை. கருவி சொல்லும் 131 உண்மையான நீளம். நீங்கள் இட்ட குறிப்புகள் ஏன் வேலை செய்யவில்லை என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அனுபவமுள்ளவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள். செக்ஸ்டைலின் விதிகள் இரண்டு இடங்களில் வாழ்கின்றன. நிரலை ஜாவாவாகப் புரிந்துகொண்டு மரமாக்கி ஆராயும் விதிகள் 'ட்ரீவாக்கர்' என்ற பகுதிக்குள் இருக்கின்றன; கோப்பை வெறும் உரையாகப் பார்ப்பவை அதற்கு வெளியே, 'செக்கர்' என்ற வேர்ப் பகுதியில் நேரடியாக இருக்கின்றன. வரி நீளத்தைப் பார்க்கும் விதி முன்பு உள்ளே இருந்தது, 8.24ஆம் பதிப்பில் அதை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் குறிப்புகளைக் கவனிக்கும் 'சப்ரஷன் காமெண்ட் ஃபில்டர்' ட்ரீவாக்கருக்குள் இருப்பது. அதன் அதிகாரம் அந்த வேலிக்குள் மட்டுமே. வேலிக்கு வெளியே போய்விட்ட வரி நீள விதிக்கு அது சொல்வது கேட்காது. 'சப்ரஸ் வித் பிளெய்ன் டெக்ஸ்ட் காமெண்ட் ஃபில்டர்' என்ற இன்னொரு வடிகட்டி இருக்கிறது. அதைச் செக்கர் பகுதியில் சேர்த்தால் உங்கள் குறிப்புகள் பலன் தரும்.

ஆயினும் இந்த வரிக்கு அந்த ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஜாவா 17இல் மூன்று மேற்கோள் குறிகளால் தொடங்கி முடியும் உரைத் தொகுதி இருக்கிறது, செக்ஸ்டைல் 9.3க்கும் அது தெரியும். எஸ்க்யூஎல் கூற்றை அதில் நான்கு வரிகளாகப் பிரித்து எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கூட்டல் ஏன் தவறாக வருகிறது என்று தேடப்போவதும் நீங்கள்தான். அப்போது 131 எழுத்துகளைப் பக்கவாட்டில் நகர்த்திப் படிக்க விரும்ப மாட்டீர்கள்.

இனி, தவிர்க்கலாமா என்ற கேள்வி. அவசரமாக ஒன்றை ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும்போது, கட்டளையோடு 'செக்ஸ்டைல்.ஸ்கிப்' என்ற பண்பைச் சேர்த்து உங்கள் கணினியில் மட்டும் ஓட்டுவதில் குற்றமில்லை, நானும் செய்கிறேன். அதைப் பாம் கோப்பில் எழுதிப் பதிவு செய்வது வேறு விஷயம். ஒரு வாரத்துக்கு என்று எழுதப்பட்டு மூன்று ஆண்டுகள் இருந்த அத்தகைய வரிகளை நான் கண்டிருக்கிறேன். உங்கள் குழுத் தலைவர் சொன்னது எது என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் முதலாவதைத்தான் சொல்லியிருப்பார். இன்னொரு வேண்டுகோள்: இந்த வழுக்களைப் போக்கும் எண்ணத்தில், நிரல் எழுதும் செயலியான ஐடிஇயில் முழுத் திட்டத்தையும் மறுவடிவமைக்கும் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். 153 என்று காட்டிய வரிகளை அது மடிக்கப் பார்க்காது, ஏனெனில் ஐடிஇ அவற்றைச் சரியாகவே படிக்கிறது. ஆனால் தொடர்பில்லாத நூறு கோப்புகளைக் கலைத்துவிடும், எந்த வரியை யார் எப்போது எழுதினார் என்ற வரலாறும் உங்கள் பெயரின்கீழ் புதைந்துபோகும்.

பதிப்பைப் பற்றியும் ஒரு சொல். 9.3 உங்கள் ஜாவா 17 நிரலுக்குப் போதுமானது. அது 2022 ஜனவரியில் வந்தது. ஜாவா 21 வெளியானது 2023இல். குழு 21க்கு மாறி, 'சுவிட்ச்' கூற்றில் ரெக்கார்டுகளைப் பிரித்துப் பார்க்கும் புதிய வடிவங்களை எழுதத் தொடங்கினால், நடை தவறு என்று சொல்லாமல், கோப்பைப் பகுக்கவே முடியவில்லை என்று கருவி நின்றுவிடும். அன்று பிளகினின் சார்புகளில் புதிய செக்ஸ்டைலைக் குறிப்பிட வேண்டும். 10ஆம் வரிசை ஓடுவதற்குக் குறைந்தது ஜாவா 11 தேவை. இன்று அதைத் தொட வேண்டாம், ஒரே நாளில் இரண்டை மாற்றினால் எது எதைச் சரிசெய்தது என்பது தெரியாமல் போகும்.

மழை நாள் வழுவுக்கு வருகிறேன். விதிக் கோப்பின் தலையில், இது எந்த இலக்கணப்படி எழுதப்பட்டது என்று சொல்லும் 'டாக்டைப்' வரி இருக்கிறது. அதிலுள்ள அடையாளத் தொடர் செக்ஸ்டைலுக்குத் தெரிந்ததாக இருந்தால், இலக்கணத்தைத் தன் பொதிக்குள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும். ஓரெழுத்து மாறியிருந்தாலும் பக்கத்திலுள்ள இணைய முகவரிக்குப் போய்த் தேடும். இணைப்பு இருக்கும் நாளில் யாருக்கும் தெரியாது, இல்லாத நாளில் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று விழும். நீங்கள் அனுப்பிய கோப்பில் அந்தத் தொடரில் 'கான்ஃபிகரேஷன்' என்ற சொல்லுக்குப் பின் 1.3 என்ற எண் விடுபட்டிருக்கிறது. செக்ஸ்டைல் பொதிக்குள் வரும் சன் விதிக் கோப்பைத் திறந்து, அதன் தலைவரியை அப்படியே பிரதியெடுத்து ஒட்டுங்கள், தட்டச்சு செய்ய வேண்டாம். இணைப்பு நன்றாக இருக்கும் ஒரு காலையில் மேவனின் 'டிபெண்டன்சி:கோ-ஆஃப்லைன்' கட்டளையை ஓட்டி, அதன்பின் ஒருமுறை முழுக் கட்டமைப்பையும் ஓட்டிவிட்டால், தேவையானவை உங்கள் வட்டில் சேர்ந்துவிடும். பிறகு மூடுபனி இறங்கிச் சமிக்ஞை போனாலும் மேவனை இணைப்பில்லா விருப்பத்தோடு ஓட்டலாம்.

குறியாக்கம், வரிமுடிவு, டாக்டைப் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பதிவுகளாகக் களஞ்சியத்தில் சேருங்கள். உங்கள் எஸ்க்யூஎல் வரியை நான்காவதாக. முதல் பதிவுக்குப் பின் 214 என்பது 172 ஆகவும், இரண்டாவதற்குப் பின் 1 ஆகவும் குறைய வேண்டும். அப்படிக் குறையாவிட்டால், 'டார்கெட்' கோப்புறையில் உருவாகும் செக்ஸ்டைல் முடிவுக் கோப்பை அப்படியே எனக்கு அனுப்புங்கள். ஒவ்வொரு வழுவும் எந்த விதியிலிருந்து வந்தது என்று அதில் இருக்கும்.